இலை கொட்டும் முன் ஒரு சனிக்கிழமை

1

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் ஏசியைக் கழற்றினேன். எங்கள் வீட்டில் கோடை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். வெயில் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த ஞாயிறை விட்டால் எனக்கு வேறு ஞாயிறு கிடைக்காது. அந்தக் கனத்தை வயிற்றோடு அணைத்துப் படியிறங்கி, பேஸ்மெண்ட்டில் வைத்து, பழைய போர்வையைப் போர்த்திவிட்டு நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் மிஷின் இருக்கிறது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கிற மிஷின் நான்தான்.

நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்து இந்தச் செப்டம்பரோடு பத்து வருஷம் ஆகிறது. என் மனைவி வசந்தா நர்ஸ். அவளுக்குத்தான் இங்கே வேலை கிடைத்தது. அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். பத்தாவதோடு படிப்பு நின்றுபோன எனக்கு இந்த ஊரில் என்ன வேலை கிடைக்கும் என்று பயந்தேன். பெருமாள் ஒரு வழி விட்டார். ஐசலினில் ஒரு மளிகைக் கடையில் சரக்கு அடுக்குகிறேன். பெரும்பாலும் அரிசி மூட்டை. எங்களுக்கு ஒரே பெண், அலமேலு. பதினான்கு வயது முடிந்துவிட்டது. போன வருஷம்தான் அபார்ட்மெண்டை விட்டு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு பழைய வீட்டை வாங்கி வந்தோம்.

வீடு என்றால் என்ன என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. குளிர் வருவதற்குள் கூரை ஓரத்து மழைநீர்த் தகரத்தில் ஏணி போட்டு ஏறி, அடைத்துக் கிடக்கும் குப்பையை அள்ள வேண்டும். தோட்டத்துக் குழாயை மூடித் தண்ணீரை வடிய விட வேண்டும். வெயில் இருக்கும்போதே வடாம் பிழிந்து காயவைக்க வேண்டும். அணிலுக்குக் காவல் இருக்க வேண்டும். இங்கத்து அணில் ராமர் தடவிக்கொடுத்த அணில் இல்லை. முதுகில் கோடும் கிடையாது, பயமும் கிடையாது. மோர் மிளகாயைக்கூடக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் போடும். பிறகு குளிர்கால கோட்டுகளை எடுத்து வெயிலில் போட வேண்டும். அலமேலுவின் கோட்டு இந்த வருஷமும் கை எட்டவில்லை. புதுசு வாங்க அலைய வேண்டும்.

இதற்கு நடுவே பள்ளிக்கூடம். அவள் இந்த வருஷம் ஹைஸ்கூல். புதுப் பள்ளி என்றதும் தடுப்பூசிக் கணக்கை மறுபடி முதலிலிருந்து கேட்டார்கள். அவள் குழந்தையில் போட்ட ஊசியெல்லாம் நாமக்கல் ஆஸ்பத்திரி அட்டையில் தமிழில் எழுதியிருக்கிறது. கவுண்டரில் இருந்த அம்மாள் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, எதற்கும் இன்னொரு தடவை போட்டுவிடலாமே என்றாள். வசந்தா ஒரு நாள் லீவு போட்டுப் போய், நர்ஸுக்கு நர்ஸ் பேசி, முடித்துவிட்டு வந்தாள்.

எந்த வேலையும் முடிந்தபாடில்லை. ஆனால் ஏணியில் நிற்கும்போதும், வடாம் பிழியும்போதும் என் மனசு அதிலெல்லாம் இல்லை. செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறக்கிறது. முதல் சனிக்கிழமை வருகிறது. அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

2

எங்கள் நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குலதெய்வம் பெருமாளாக இருக்கிற குடும்பங்களில் புரட்டாசிச் சனிக்கிழமை தளிகை போடுவார்கள். வீட்டில் அரிசி குதிர் குதிராக இருந்தாலும் அன்றைக்கு அதைத் தொடக் கூடாது. குளித்து, நாமம் இட்டு, செம்புக்கும் நாமம் போட்டுத் துளசி சுற்றி, குடியிருக்கும் தெருவில் கால்நடையாகப் போய் ‘கோவிந்தா’ என்று கூப்பிட்டுப் பிச்சை எடுக்க வேண்டும். அந்த அரிசியைத்தான் பொங்கிப் படைக்க வேண்டும். எங்கள் ஊரில் ரைஸ் மில் முதலாளியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றிருக்கிறார். அவர் மில்லில் அரைத்த அரிசியை அவருக்கே போட்டிருக்கிறோம். பெருமாள் முன்னால் எல்லோரும் கையேந்துகிறவர்கள்தான் என்பது அதன் கருத்து.

அலமேலு தவழ்கிற பிராயத்தில் காய்ச்சல் வந்து வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, உடம்பு விறைத்து, என் கையிலேயே நீலம் பாரித்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டேன். ‘பெருமாளே, இவளை விட்டுவிடு. கல்யாணமாகிப் போகிறவரைக்கும் வருஷா வருஷம் முதல் சனிக்கிழமை இவள் கையாலேயே பிச்சை எடுத்து உனக்குத் தளிகை போடுகிறேன்.’ அன்று சாயங்காலமே கண் திறந்தாள். அதற்கப்புறம் இந்த நாள்வரை வலிப்பு வந்ததில்லை. மருந்துதான் காப்பாற்றியது என்று வசந்தா சொல்வாள். மருந்தையும் அவன்தானே அனுப்பினான் என்பேன்.

அபார்ட்மெண்டில் இருந்தவரை சிரமமே இல்லை. படி ஏறி இறங்கினால் எல்லாம் நம் ஆட்கள். குஜராத்திக்காரர்கள், தெலுங்குக்காரர்கள், இரண்டு தமிழ்க் குடும்பம். பாவாடை கட்டி, நெற்றியில் சிவப்பு இழுத்து, செம்பைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அவள் ‘கோவிந்தா’ என்று மழலையில் கூப்பிட்டால், சமையலை விட்டுவிட்டு ஓடி வந்து போடுவார்கள். கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். அவளும் அடுத்த வீட்டுக்கு எனக்கு முன்னால் ஓடுவாள்.

3

போன வருஷம்தான் இந்தத் தெருவில் முதல் தடவை. இங்கே எங்களைத் தவிர எல்லோரும் வெள்ளைக்காரர்கள். அலமேலு முதலிலேயே முனகினாள். ‘சீக்கிரம் முடிச்சிரலாம் கண்ணு’ என்று கூட்டிப்போனேன். நான் நடைபாதையில் நின்றுகொண்டேன். அவள் போய்ப் போய் மணி அடித்தாள்.

பக்கத்து வீட்டு ஹெலன் என்கிற வயசான அம்மாள் ஒரு கோப்பை அரிசி போட்டாள். நாலு வீடு தள்ளி ஒரு கதவைத் திறந்தவன் அலமேலுவோடு படிக்கிற பையன், ஜேசன். அவன் செம்பைப் பார்த்தான், அவள் நெற்றியைப் பார்த்தான், உள்ளே திரும்பி ‘மாம்’ என்று கூப்பிட்டான். அவன் அம்மாவும் அரிசி போட்டாள். சந்தோஷமாகத் திரும்பி வந்து தளிகை போட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு பெரிய பை இருந்தது. டின்னில் அடைத்த பீன்ஸ், சூப், ஒரு பாக்கெட் பிஸ்கட். யார் வைத்தது என்று அப்போது தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. கவுன்சிலர் அம்மாள் எங்களைப் பார்க்க வேண்டும் என்றாள். வசந்தாவுக்கு டியூட்டி. நான் கடையிலிருந்து அப்படியே போனேன். சட்டையெல்லாம் அரிசித் தவிடு.

அந்த அம்மாள் ரொம்ப நல்லவள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டில் சாப்பாட்டுக்குச் சிரமமா என்று கேட்டாள். குழந்தை வீடு வீடாக அரிசி கேட்டதாகக் கேள்விப்பட்டோம், வெட்கப்பட ஒன்றுமில்லை, இலவச மதியச் சாப்பாட்டுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்றாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி, ‘நோ மேடம். வீட்டில் அரிசி நிறைய இருக்கிறது. நான் அரிசிக் கடையில்தான் வேலை செய்கிறேன். நாங்கள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் பிச்சை எடுப்போம், தினமும் இல்லை’ என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

பக்கத்து நாற்காலியில் அலமேலு இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வசந்தா மறுநாள் போய் எல்லாவற்றையும் விளக்கி, அவர்களும் புரிந்துகொண்டு, மன்னிப்பெல்லாம் கேட்டார்கள். அதற்குள் பள்ளியில் பேச்சு பரவிவிட்டது. மதியம் சாப்பாட்டு மேஜையில் யாரோ தன் தட்டிலிருந்த சோற்றை அவள் பக்கம் தள்ளிவிட்டதாக அவளே ஒரு தரம் சொன்னாள். யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

4

இந்த வருஷம் ஹைஸ்கூலில் பேண்டில் சேர்ந்திருக்கிறாள். கிளாரினெட் வாசிக்கிறாள். பள்ளி ஃபுட்பால் கேம் நடக்கும்போது மைதானத்தில் அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் தார்த் தரையில் நாள் முழுக்க நடந்து பழகினார்கள். முகம் கறுத்து, கால் கொப்பளித்து வருவாள். ஆனால் வரும்போது ஒரு கூட்டத்தோடு வருவாள். சிரித்துக்கொண்டு வருவாள். போன வருஷம் முழுக்கத் தனியாக வந்தவள்.

கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே கொண்டுபோகும் வேலை எப்போதும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்வது. ராத்திரிக் குளிர் இறங்க ஆரம்பித்தால் அது தாங்காது. முதலில் இலைக்கு அடியில் இருக்கும் செதில் பூச்சியைச் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு, அவள் இலையைப் பிடித்துக்கொள்ள நான் துடைத்துக்கொண்டிருந்தேன். இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன்.

‘அம்முணி, வர்ற சனிக்கிழமை...’

‘கேம் இருக்குப்பா. முதல் கேம்.’

‘அது மத்தியானந்தானே. நாம காலைல எட்டு மணிக்கே போயிட்டு வந்தர்லாம்.’

‘நோ, அப்பா.’

‘நாலு வீடு போதும்.’

‘நான் போகல.’ அப்புறம் ஆங்கிலத்துக்கு மாறினாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போதாது. இந்தப் பள்ளிக்கூடத்தில் நிறையப் பேருக்கு என்னைத் தெரியாது, இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன், மறுபடி அந்த அரிசிப் பெண்ணாக என்னால் இருக்க முடியாது என்றாள். சத்தம் போடவில்லை. இலையைப் பிடித்த கையையும் விடவில்லை.

‘உனக்காக வேண்டிக்கிட்டது கண்ணு. உன்ற உசுருக்காக.’

‘ஐ நோ. எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. ஆனா அது உங்க ப்ராமிஸ். என்னைக் கேட்டா பண்ணீங்க? நீங்க போங்க.’

தவழ்கிற குழந்தையை எப்படிக் கேட்பது? தொட்டியை இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளே வைத்தோம். அவள் மாடிக்குப் போய்விட்டாள். கிளாரினெட் சத்தம் கேட்டது. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

வசந்தா டியூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன். அவள் காலை மேஜை மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

‘ஏனுங்க, பெருமாள் என்ன அட்டெண்டன்ஸா எடுக்கறாரு? அவள எதுக்கு நச்சறீங்க?’

‘வேண்டுதலை விடக் கூடாது வசந்தா. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா...’

‘என்ன ஆகும்?’

நீலம் பாரித்த அந்த முகம் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் அன்றைக்கு வேறு ஊரில் டியூட்டியில் இருந்தாள். வந்து சேர்ந்தபோது குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

‘அப்படின்னா கார்ல ஏத்தி ஐசலின் கூட்டிட்டுப் போங்க. அங்க நம்மாளுங்க வீட்ல வாங்கிட்டு வாங்க.’

‘குடியிருக்கற தெருவுல நடந்து போயி வாங்கறதுதான் முறை.’

‘முறையெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஸ்கூல்ல இருந்து உங்க பெருமாளுக்கா போன் வரும்? எனக்குத்தான் வரும்.’ செருப்பைக் கழற்றிக்கொண்டே, ‘எனக்கு அன்னிக்கு டியூட்டிங்க. நவராத்திரிக்கு லீவு வேணும்னு மாத்திக் குடுத்துட்டேன். நீங்களும் அவளும் என்னமோ பண்ணுங்க. சண்டை மட்டும் போடாதீங்க. எனக்குத் தெம்பில்ல’ என்றாள்.

யாருக்குத்தான் தெம்பு இருந்தது.

5

கடையில் என்னோடு வேலை செய்கிற மணி அண்ணன் மதுரைக்காரர். நவராத்திரிக்கு வந்திறங்கிய சரக்கை இருவரும் அடுக்கிக்கொண்டிருந்தபோது மனசு பொறுக்காமல் அவரிடம் சொன்னேன்.

‘ஏப்பா, விடிஞ்சதுலருந்து அரிசி மூட்டையாத் தூக்குற. இதுல வீட்டுக்குப் போயி ஒரு பிடி அரிசிக்குப் பிச்சையா?’ என்று சிரித்தார்.

‘இருக்கிறவன் எடுக்கறதுதாண்ணே பிச்சை.’

‘இதை அந்த வெள்ளைக்காரன்ட்டச் சொல்லு. ஓடிருவான்.’ பிறகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, ‘பொம்பளப் புள்ளய ரொம்ப இழுக்காதப்பா. என் மூத்தவன இழுத்தேன். இப்ப அவன் போனே எடுக்கிறதில்ல’ என்றார். அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.

அந்த வாரம் முழுக்க வேலை வேலை என்று ஓடினேன். மழைநீர்த் தகரத்தைச் சுத்தம் பண்ணி முடித்தேன். வெந்நீர்க் கொதிகலனுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். புல்வெட்டும் வண்டியில் மிச்சம் இருந்த பெட்ரோலை வடித்தேன். சாயங்காலங்களில் வெளிச்சம் சீக்கிரம் போக ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு மேப்பிள் மரத்தில் ஒரு கிளை மட்டும் மற்றதைக் கேட்காமல் சிவந்துவிட்டது.

தினமும் சாமி அறையில் விளக்கேற்றி உட்காருவேன். சாமி அறை என்றால் துணி அலமாரி. கதவைக் கழற்றிவிட்டுப் படம் வைத்திருக்கிறோம். வேண்டிக்கொள்ள ஒன்றும் வரவில்லை. ‘பெருமாளே, அசதியாக இருக்கிறது. அவள் வரமாட்டேன் என்கிறாள். நீயே ஒரு வழி சொல்லு’ என்று மட்டும் சொல்வேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெண் சொன்னதுதான் காதில் இருந்தது. அது உங்க ப்ராமிஸ். நீங்க போங்க.

வெள்ளிக்கிழமை செம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். அலமேலு தண்ணீர் குடிக்க வந்தவள் பார்த்தாள்.

‘அப்பா, ஐ டோல்ட் யூ.’

‘தெரியும் கண்ணு. நான்தான் போறேன்.’

‘நீங்களா?’

‘நீதானே சொன்னே.’

‘வேட்டி கட்டிக்கிட்டா?’ என்று கேட்டாள். ஆமாம் என்றேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

6

சனிக்கிழமை வசந்தா விடிவதற்கு முன்பே டியூட்டிக்குப் போய்விட்டாள். நான் தலைக்குக் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, பன்னிரண்டு நாமம் போடத் தெரியாது, நெற்றியில் மட்டும் இட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டேன். குளிர் லேசாக இருந்தது. சட்டை போடக் கூடாது என்று ஒரு தயக்கம். போடாவிட்டால் போலீஸ் வரும் என்று ஒரு பயம். துண்டு இரண்டுக்கும் நடுவில். செம்பைத் தூக்கினால் சாமி முன்னால் வைக்கிறவரை கீழே வைக்கக் கூடாது. தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

ஹெலன் அம்மாள் வீட்டுக்கு முதலில் போனேன். மணியை அடித்துவிட்டு ‘கோவிந்தா’ என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கதவைத் திறந்தவள் மேலும் கீழும் பார்த்தாள்.

‘பெண் எங்கே?’

‘பேண்டு.’

‘ஆ, சரி.’ உள்ளே போய் ஒரு புதுப் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு வந்தாள். செப்டம்பரில் வருவாள் என்று வாங்கி வைத்திருந்தேன், நான் அரிசி சாப்பிடுவதில்லை என்றாள். போன வருஷம் அந்த டின் பையை வைத்தது தான்தான் என்று அப்போதுதான் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் சிவந்துவிட்டது. நான் கும்பிட்டேன். ஒரு கையில் செம்பு இருந்ததால் பாதிக் கும்பிடு.

அடுத்த வீட்டில் ஆள் இல்லை. அதற்கடுத்த வீட்டில் அரை டிராயர் போட்ட ஒரு இளைஞன் கதவைத் திறந்து, நான் வாய் திறப்பதற்கு முன்பே, எங்களுக்குச் சர்ச் இருக்கிறது, நன்றி என்று மூடினான். மூடிய கதவைப் பார்த்து, ‘நோ சார், நான் உங்கள் சாமியை மாற்ற வரவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வீட்டில் உள்ளே காலடிச் சத்தம் கேட்டது, ஜன்னல் திரை கொஞ்சம் அசைந்தது, கதவு திறக்கவில்லை. திரை அசைந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை உள்ளே இருந்தவரும் பார்த்திருப்பார். திரும்பிப் போவதா, இன்னொரு தடவை அடிப்பதா? அந்த மிதியடி மேல் நிற்கும் நேரம் இருக்கிறதே, அதை நடைபாதையிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஜேசன் வீட்டில் அவன் அம்மா திறந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். எல்லாம் நலமா, வீட்டில் தேவைக்கு இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள்.

‘எல்லாம் இருக்கிறது மேடம். இது சாமிக்கு.’

‘இருக்கும்போது ஏன் கேட்கிறீர்கள்?’

கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். மில் முதலாளி கதையெல்லாம் ஆங்கிலத்தில் வராது. ‘கேட்கப் பழகுவதற்கு’ என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய், ஒரு கண்ணாடி ஜாடியிலிருந்து தவிடு நீக்காத பழுப்பு அரிசியைக் கொண்டுவந்து போட்டாள். பின்னால் அந்தப் பையன் கையில் கிண்ணத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்துவிட்டு, இதனால் திங்கட்கிழமை அவளுக்கு என்ன வருமோ என்று நினைத்தேன்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கால் வலி இல்லை. செம்பு பாதிகூட நிரம்பவில்லை. இரண்டு பேருக்குக்கூடப் பொங்கக் காணாது. இருந்தாலும் போதும் என்று திரும்பிவிட்டேன்.

எங்கள் வீட்டுக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. சாவியை எடுக்காமல் வந்துவிட்டேன். வேட்டியில் பையும் இல்லை. மணியை அழுத்தினேன். அலமேலு வந்து கதவைத் திறந்தாள். பேண்டு உடுப்பு போட்டிருந்தாள். தோளில் வார் மாட்டிய கால்சட்டை, பட்டன் போடாத சிவப்புக் கோட்டு, வெறுங்கால். செம்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

‘இவ்வளவுதானா?’

‘ரெண்டு வீடுதான் கண்ணு.’

‘ஜேசன் வீட்டுக்குமா போனீங்க?’

‘போனேன்.’

‘என்ன சொன்னாங்க?’

‘வீட்டுல சாப்பாடு இருக்கான்னு கேட்டாங்க.’

அவள் உதட்டைக் கடித்தாள். அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ‘நீங்க என்ன சொன்னீங்க?’

‘இருக்குதுன்னு சொன்னேன். தினமும் இல்லைன்னு இந்தத் தடவை சொல்லல.’

‘அப்பா’ என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, ‘அங்கேயே நில்லுங்க’ என்றாள்.

வலைக்கதவை என் முகத்துக்கு நேராகச் சாத்திவிட்டு உள்ளே போனாள். ஷூவைப் போடப் போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் தெருவில் வண்டிச் சத்தம். ஒரு பெரிய வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. கேமுக்கு முந்திய ஒத்திகைக்கு அவளைக் கூட்டிப்போக வந்த பேண்டுப் பெண்கள். உள்ளே சிவப்புக் கோட்டாகத் தெரிந்தது. நான் நாமமும் துண்டும் செம்புமாக வாசல் படியில், சொந்த வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். பக்கவாட்டில் ஒதுங்கிப் புதருக்குப் பின்னால் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

வலைக்கதவு திறந்தது. அலமேலு இரண்டு கையையும் சேர்த்துக் குவித்துக்கொண்டு வந்தாள். கை நிறைய அரிசி. நம் கடைப் பொன்னி.

‘கண்ணு, உன்ற பிரெண்ட்ஸ் வந்துட்டாங்க. உள்ள வந்து வாங்கிக்கறேன். போ, நீ போ.’

அவள் வேனைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி நடிக்கவில்லை. அப்புறம் நிலைப்படிக்கு உள்ளே காலை ஒட்டி வைத்து நேராக நின்றாள். அபார்ட்மெண்டில் அந்தப் பெண்களெல்லாம் இவளுக்குப் போட நின்ற மாதிரியே நின்றாள்.

‘சொல்லுங்க’ என்றாள்.

‘என்னத்த?’

‘அதான். நீங்க கூப்பிடாம நான் எப்படிப் போடறது?’

வேனில் யாரோ கண்ணாடியை இறக்கினார்கள். ஒரு பெண் தலையை நீட்டி எங்களைப் பார்த்தாள். ‘கோவிந்தா’ என்றேன், முனகலாக.

‘சத்தமா, அப்பா.’

குவித்த கையிலிருந்து இரண்டு மூன்று அரிசி சிந்தியது. அவள் கையை இறக்கவில்லை. காத்துக்கொண்டு நின்றாள்.

தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டேன்.